ஃபர்ரூக் பல்சாராவும் 'பிஸ்மில்லாஹ்' என்ற சொல்லும்

மேற்கத்திய வெகுசன இசையைப் பற்றி அரபுக் கல்லூரி ஆசிரியன் ஒருவன் எழுத வேண்டிய தேவை என்ன என்று வாசகர்களுள் சிலர் வினவக்கூடும். அத்தேவையை உண்டாக்கியது ஒரேயொரு சொல். 1975 அக்டோபர் 31 அன்று இங்கிலாந்தில் வெளியான 'போஹீமியன் ராப்ஸடி' என்னும் பாடலின் நடுப்பகுதியில், நாம் உண்ணும்போதும் ஓதும்போதும் மொழிகின்ற 'பிஸ்மில்லாஹ்' என்ற சொல் மும்முறை ஒலிக்கிறது. பாடலை இயற்றியவரும் பாடியவரும் 'குவீன்' என்னும் இசைக்குழுவின் முதன்மைப் பாடகர் ஃபிரெட்டி மெர்குரி. அவருடைய வாழ்வைச் சொல்வதாக 2018இல் வெளிவந்த திரைப்படமும் அப்பாடலின் பெயரையே தாங்கியது. தொண்ணூறு கோடி டாலருக்கு மேல் ஈட்டிய அப்படத்தின் வழியாகவும் கைப்பேசிகளின் வழியாகவும் அப்பாடல் எம் மாணவர்களின் காதுகளையும் எட்டிவிட்டது.

எட்டியதும் இரண்டு கருத்துகள் எழுந்தன. இறைத்திருநாமத்தை இழிவு செய்யும் பாட்டு இது என்றார் ஒருவர். இல்லை, இவர் பிறப்பால் முஸ்லிம், பெயரை மறைத்து வாழ்ந்தவர், மறைத்தது இப்பாட்டில் தன்னையறியாமல் வெளிப்பட்டுவிட்டது என்றார் இன்னொருவர். இரண்டும் பிழை. இரண்டுமே பாடலைக் கேட்காமலும் பாடியவரின் வரலாற்றைப் படிக்காமலும் பிறந்தவை. ஆய்ந்தறியாமல் செய்தியை ஏற்பதைக் கண்டிக்கும் மார்க்கத்தைச் சார்ந்தவர்கள் பாட்டு விஷயத்திலும் அப்படிச் செய்வதற்கில்லை.

வரலாற்றிலிருந்தே தொடங்குவோம். 1946 செப்டம்பர் 5ஆம் நாள், கிழக்காப்பிரிக்கக் கரையை ஒட்டிய ஸான்ஸிபார் தீவின் கல்நகரம் எனப்படும் பழைய ஊரில் போமி பல்சாரா, ஜெர் பல்சாரா தம்பதிக்கு மூத்த மகனாகப் பிறந்தவர் ஃபர்ரூக். குடும்பம் குஜராத்தைச் சேர்ந்த பார்சிக் குடும்பம். குஜராத்தின் புல்ஸார், இன்றைய வல்ஸாட், என்னும் ஊரின் பெயரே குடும்பப் பெயராயிற்று. பார்சிகள் ஜரதுஷ்திர சமயத்தார். குர்ஆன் ஸூரத்துல் ஹஜ்ஜில் ஒரே ஓரிடத்தில் 'மஜூஸ்' என்று குறிப்பிடும் சமூகத்தின் வழிவந்தோர். ஆகவே அவர் முஸ்லிம் அல்லர். 'ஃபர்ரூக்' என்னும் பார்ஸிப் பெயரைக் கண்டு மயங்கியவர்கள் உண்டு. நற்பேறு பெற்றவன் என்று அதற்குப் பொருள். முகலாய மன்னர் ஃபர்ருக்ஸியரின் பெயரில் இருப்பதும் அச்சொல்லே.

ஆனால் அவர் பிறந்து தவழ்ந்த ஊர் முஸ்லிம் ஊர். ஓமானிய ஸுல்தான் ஸையித் ஸஈத் தம் அரசிருக்கையை மஸ்கத்திலிருந்து பெயர்த்து வந்து அமைத்த தீவு அது. ஃபர்ரூக் பிறந்தபோது பிரிட்டிஷ் பாதுகாப்பின்கீழ் ஸுல்தானின் பெயரால் ஆளப்பட்டது. தந்தையார் பிரிட்டிஷ் அரசு அலுவலகத்தில் காசாளர். மக்களின் மொழி ஸ்வாஹிலி. அதில் அரபுச் சொற்கள் எந்த அளவுக்கு ஊறிக் கிடக்கின்றன என்பதை அரபு அறிந்தவர் அம்மொழியின் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் காணலாம். பாங்கின் ஓசையும் பிஸ்மியின் ஓசையும் அந்தச் சிறுவனுக்கு வேதபாடமாக வந்தவையல்ல. தெருவின் ஓசைகளாக, மீன்காரரின் கூவலைப்போல, கடலின் இரைச்சலைப்போல வந்தவை. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பிற்காலத்துப் பாடலின் சூட்சுமம் பிடிபடும்.

எட்டு வயதில் அவனைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். மகாராஷ்டிரத்தின் மலையூரான பஞ்ச்கனியில் புனித பீட்டர் பள்ளி என்னும் ஆங்கில உறைவிடப் பள்ளியில் சேர்ந்தான். பம்பாயில் உறவினர் இருந்தனர். பெற்றோர் கடலுக்கு அப்பால். ஆங்கிலப் பிள்ளைகளைப்போல் அவனை 'ஃபிரெட்டி' என்று அழைக்கத் தொடங்கியது அங்கேதான். பியானோ கற்றதும் அங்கேதான். 1958 அளவில் மாணவர் ஐவர் சேர்ந்து 'தி ஹெக்டிக்ஸ்' என்றொரு குழுவை அமைத்து, லிட்டில் ரிச்சர்டு, கிளிஃப் ரிச்சர்டு ஆகியோரின் பாட்டுகளைப் பள்ளி விழாக்களில் வாசித்தனர். பின்னாளில் உலகம் கண்ட முதன்மைப் பாடகர் அக்குழுவில் முதன்மைப் பாடகர் அல்லர். பியானோ வாசித்தவர், அவ்வளவே.

எங்கள் நரிக்குடி, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகிய ஆண்டைக் கணக்கு வைத்து வயதைச் சொல்லும் ஊர்கள். இங்கிருந்தும் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பெட்டியும் பாயுமாக வேலூருக்கும் காயல்பட்டினத்துக்கும் ஓதப் போவதைத் தலைமுறைகளாகக் காண்கிறோம். தாயைப் பிரிந்த பிள்ளை முதல் சில மாதங்கள் இரவில் அழும். பிறகு அழுகை நின்று குரல் கனக்கும். ராகமாக ஓதும் பிள்ளைகளுள் நல்ல குரல் வாய்த்தவர் பலர் இப்படித் தொலைவில் வளர்ந்தவர்களே என்பது என் நெடுநாளைய அவதானம். ஆகவே, பஞ்ச்கனி விடுதியில் எட்டாண்டுகள் கழித்த ஃபர்ரூக்கின் பிற்காலப் பாடல்களில் தாயை நோக்கி எழும் விளி அடிக்கடி வருவதில் எனக்கு வியப்பில்லை. 'போஹீமியன் ராப்ஸடி'யின் முதற்பகுதியே, ஒருவனைக் கொன்றுவிட்ட இளைஞன் தாயிடம் அதைச் சொல்லும் வாக்குமூலம்தான்.

2018இன் திரைப்படத்தின் மீது எனக்குள்ள முதல் குறை இங்கே வருகிறது. இந்தியாவில் கழிந்த எட்டாண்டுகளை அது இரண்டொரு வசனங்களில் தாண்டிவிடுகிறது. இலண்டன் விமான நிலையத்தில் பயணப்பெட்டிகளைச் சுமக்கும் இளைஞனிலிருந்துதான் அப்படத்தின் ஃபர்ரூக் பிறக்கிறார். பெட்டி சுமந்தது உண்மையே. ஆனால் ஒருவரின் குரல் எங்கே உருவாயிற்றோ அவ்விடத்தை விட்டுவிட்டு, அவர் எங்கே விலைபோனாரோ அவ்விடத்திலிருந்து கதையைத் தொடங்குவது வணிகரின் வரலாற்றெழுத்து.

1963இல் ஸான்ஸிபாருக்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பர் 10இல் தீவு விடுதலை பெற்றது. ஒரு மாதம் கடந்தது. 1964 ஜனவரி 12இல் புரட்சி வெடித்தது. ஸுல்தான் தப்பியோடினார். அரபு, இந்திய வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். தமிழ் முஸ்லிம் வாசகருக்கு இந்தப் பக்கத்தை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஜப்பானியர் குண்டுவீச்சில் ரங்கூனை விட்டு நடந்தே வந்தவர்களின் பேரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் இன்னும் உயிருடன் இருக்கிறார்கள். பல்சாரா குடும்பம் இங்கிலாந்தின் ஃபெல்தம் என்னும் புறநகரில் குடியேறியது. அவ்வீட்டில் 2016இல் நினைவுப் பலகை பதித்தார்கள்.

ஈலிங் கலைக்கல்லூரியில் வரைகலை பயின்று 1969இல் பட்டயம் பெற்றார். கென்சிங்டன் சந்தையில் பழைய துணி விற்றார். 1970இல் பிரையன் மே, ராஜர் டெய்லர் என்னும் இருவரோடு சேர்ந்தார். மறு ஆண்டில் ஜான் டீக்கன் வந்து சேர நால்வராயினர். குழுவுக்கு 'குவீன்' எனப் பெயரிட்டவர் ஃபர்ரூக். நால்வரின் இராசிச் சின்னங்களையும் பிணைத்து முத்திரை வரைந்தவரும் அவரே. அக்காலத்திலேயே குடும்பப் பெயரையும் மாற்றிக்கொண்டார். பல்சாரா மறைந்து மெர்குரி வந்தது. தம் முதல் இசைத்தட்டின் பாட்டொன்றில் அச்சொல் வந்ததைத் தொட்டே அப்பெயரை அவர் ஏற்றார் என்று பிரையன் மே நினைவுகூர்ந்திருக்கிறார். ரோமரின் தூதுத்தெய்வம், அரபியர் 'உதாரித்' என்னும் புதன்கோள், கையில் நில்லாத பாதரசம் ஆகிய மூன்றும் அப்பெயரில் அடங்கும். மூன்றிலும் பிடிபடாமை பொது. அவருக்கு ஏற்ற பெயர்தான். ஊரைச் சுமந்த பெயரை விட்டு, ஊரே இல்லாத பெயரை அவர் எடுத்துக்கொண்டார்.

இவ்விடத்தில் நம் பாடகர் ஒருவரை எண்ணாமல் இருக்க இயலவில்லை. இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனீஃபா அவர்கள் பிறந்தது எங்கள் பக்கத்து இராமநாதபுரத்தில். வாழ்ந்து வளர்ந்த நாகூரைப் பெயருக்கு முன்னே வைத்துக்கொண்டார். 2015 ஏப்ரல் 8இல் மறையும்வரை ஊரைக் கழற்றாமலே பாடினார். மீலாது மேடையில் பாடியவரும் அவரே. திராவிட முன்னேற்றக் கழகத்தின் மாநாட்டு மேடையில் பாடியவரும் அவரே. 1961இல் 'பாவ மன்னிப்பு' படத்தில் டி. எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடியவரும் அவரே. எந்த மேடையிலும் ஹனீஃபா ஹனீஃபாவாகவே நின்றார். இதைக் கொண்டு ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவது நியாயமாகாது. ஹனீஃபாவின் பெயரைக் கேட்டு முகம் சுளிக்கும் கூட்டத்தின் முன் அவர் பிழைக்க நேரவில்லை. நிறம் பார்த்து வசைச்சொல் வீசப்பட்ட அறுபதுகளின் இங்கிலாந்தில் ஃபர்ரூக் பிழைக்க நேர்ந்தது. பெயரை மாற்றிக்கொண்டவர் யார் என்று மட்டும் கேட்பது பாதி விசாரணை. மாற்றாமல் பாடவிட்டிருப்பார்களா என்பது மீதி. வளைகுடாவிலும் அதற்கப்பாலும் வேலை தேடும் நம் பிள்ளைகளுள் சிலர் விண்ணப்பத்தில் பெயரைச் சுருக்கி எழுதுவதை அறிந்தவர்கள் அந்த மீதியைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

இனிப் பாடலுக்கு வருவோம். ஐந்து நிமிடம் ஐம்பத்தைந்து வினாடி நீளம். வானொலிக்கு மூன்று நிமிடப் பாட்டே ஏற்றது என்றிருந்த காலத்தில் இந்நீளம் துணிச்சல். மெல்லத் தொடங்கும் வாக்குமூலம், திடீரென ஐரோப்பிய இசைநாடகத்தின் பாணியில் பல குரல்கள் மோதிக்கொள்ளும் நடுப்பகுதி, அதன்பின் கிட்டார்களின் சீற்றம், இறுதியில் ஓய்ந்த மெல்லோசை என நான்கு கட்டங்கள். திரும்பத் திரும்ப வரும் பல்லவி இல்லை. நடுப்பகுதியின் பெருங்கூட்டம் உண்மையில் மூவர் மட்டுமே. தம் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து பதிந்து கூட்டமாக்கினார்கள். பிரிட்டனில் ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அவர் மறைந்தபின் மறுபடியும் முதலிடம் ஏறியது.

அந்த நடுப்பகுதி ஒரு வழக்குமன்றம். இளைஞனை விட்டுவிடு என்கிறது ஒரு தரப்பு; விடோம் என்கிறது மறு தரப்பு. இத்தாலிய நகைநாடகத்தின் கோமாளி, வானியல் அறிஞர் கலிலியோ, இசைநாடகப் பாத்திரம் ஃபிகரோ, ஷைத்தானின் பழம்பெயர் ஒன்று எனப் பல பெயர்கள் நுரைபோல் எழுந்து அடங்குகின்றன. இவை யாவும் ஓசைக்காகச் சேர்த்த அணிகள், 'பிஸ்மில்லாஹ்'வும் அவற்றுள் ஒன்று என்பது பல விமரிசகர்களின் முடிவு. இதை நான் ஏற்கவில்லை. மற்றவை பெரும்பாலும் ஆட்பெயர்கள். பெயரல்லாமல் வாயிலிருந்து எழும் கூவலாக அங்கே வருபவை இரண்டு. ஒன்று இத்தாலியர் திகைப்பில் தாயை அழைக்கும் கூவல், மற்றது பிஸ்மில்லாஹ். தாயையும் இறைவனையும் விளிக்கும் இவ்விரு கூவல்களும் ஒரே வழக்கில், ஒரே பதற்றத்தில் ஒலிக்கின்றன. இது அலங்காரத்தின் வேலையன்று.

அரபு இலக்கணம் பயின்றவர்க்கு இங்கே ஒரு வினா தானாக எழும். பிஸ்மில்லாஹ் முழு வாக்கியமன்று. 'பா' என்னும் இடைச்சொல், 'இஸ்ம்' என்னும் பெயர், அல்லாஹ்வின் திருநாமம் ஆகியவை சேர்ந்த தொடர் அது. அது பற்றிநிற்க வேறொன்று வேண்டும். அந்த ஒன்று தொக்கி நிற்கிறது. தொக்கியிருப்பது பெயர் என்பர் பஸராவார். வினை என்பர் கூஃபாவார். இமாம் ஸமக்ஷரீ தம் 'கஷ்ஷாஃப்' விரிவுரையில், சொல்பவனின் செயலே அவ்வினையைத் தீர்மானிக்கும் என்பார். ஓதுபவன் சொன்னால் ஓதுகிறேன் என்பது மறைந்து நிற்கும். பயணி சொன்னால் புறப்படுகிறேன் என்பதோ தங்குகிறேன் என்பதோ மறைந்து நிற்கும். அறுப்பவன் சொன்னால் அறுக்கிறேன் என்பது மறைந்து நிற்கும். அப்படியானால், இப்பாட்டில் மறைந்து நிற்கும் வினை எது?

ஈரானில் இவ்வினாவுக்கு ஒரு விடை அச்சேறியது. 2004இல் குவீன் குழுவின் தொகுப்பொன்று அங்கே அரசு இசைவுடன் வெளியாயிற்று. மேற்கத்திய ராக் குழுவொன்றுக்கு அத்தகைய இசைவு கிடைத்தது அதுவே முதன்முறை எனப் பேசப்பட்டது. காதல் பாட்டுகள் நீக்கப்பட்டிருந்தன. உடன் வைக்கப்பட்ட விளக்கத்தாள், தற்செயலாக ஒருவனைக் கொன்று ஷைத்தானுக்கு ஆன்மாவை விற்றுவிட்ட இளைஞன், தண்டனைக்கு முந்திய இரவில் பிஸ்மில்லாஹ் என்று இறைவனை அழைத்து ஆன்மாவை மீட்டுக்கொள்கிறான் என்று கதை சொன்னது. உதவி தேடுகிறேன் என்பதே அவர்கள் கண்ட மறைவினை. நல்லெண்ணம் நிறைந்த தஃவீல். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பாட்டு அதற்கு இடம் தரவில்லை. செவியைத் தீட்டிக் கேளுங்கள்: அச்சொல்லைச் சொல்வது இளைஞன் அல்லன். அவனை விடமாட்டோம் என்று மறுக்கிறவர்களின் வாயிலிருந்தே மும்முறையும் அது வருகிறது.

அரபியில் 'பா' ஆணையிடும் இடைச்சொற்களுள் ஒன்று. ஆகவே, இறைவன்மேல் ஆணையாக உன்னை விடோம் என்று கூட்டம் சூளுரைப்பதாகக் கொள்வது முதல் வழி. நெருக்கமான பொருள் இதுதான் எனத் தோன்றுகிறது. இரண்டாம் வழி சற்றே நடுக்கம் தருவது. ஸான்ஸிபார் தெருவில் வளர்ந்த சிறுவன் அச்சொல்லைக் கத்தியின்முன் கேட்டிருப்பான். நம் ஊர்ப் பிள்ளைகளும் அப்படியே கேட்கிறார்கள். உயிரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள், சுற்றி ஆட்கள், விடுவியுங்கள் என்ற கெஞ்சல், பிஸ்மில்லாஹ் என்ற குரல். மறைந்து நிற்கும் வினை 'அறுக்கிறோம்' என்பதாக இருந்தால் அக்காட்சி முழுவதும் வேறோர் ஒளியில் தெரிகிறது. கவிஞர் இதைக் கருதினார் என்று நான் வாதிடவில்லை. அவர் பொருள் கூற மறுத்தே போய்ச் சேர்ந்தார். உடன் வாசித்தவர்களும் விளக்க முன்வரவில்லை. சொல்லின் வரலாறு சொல்பவனின் கருத்தைவிட நீளமானது என்று மட்டும் கூறுவேன். எவ்வழியிலும் அச்சொல் அங்கே கேலிக்குள்ளாகவில்லை. வழக்கின் மிகக் கனமான சொல்லாகவே நிற்கிறது.

இடையே ஒரு சுவையான செய்தி. ஸூராக்களின் தலைப்பிலன்றி, வசனத்தின் நடுவே முழு பிஸ்மி வருவது ஸூரத்துந் நம்லில். நபி ஸுலைமான் (அலை) ஸபா நாட்டு அரசிக்கு விடுத்த கடிதத்தில். 'குவீன்' என்ற சொல்லின் பொருளும் அரசி. தற்செயல்தான், ஆயினும் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் அந்த வசனத்தின் இடத்தை மறப்பதில்லை.

அவருடைய மற்றொரு பாட்டுக்கு இவ்வளவு தூரம் பரிந்து பேச என்னால் இயலாது. 1978இல் வெளியான 'ஜாஸ்' என்னும் தட்டின் முதற்பாட்டு 'முஸ்தஃபா'. அல்லாஹ்வின் திருநாமமும் நபிமார் பெயரும் ஸலாமும் ஆங்கிலமும், எம்மொழியிலும் அடங்காத அசைகளும் அதில் குழைந்து கிடக்கின்றன. தொடக்கத்துக் குரல் பாங்கின் நீட்டலை நினைவூட்டுகிறது. குரலின் ஆற்றலில் குறைவில்லை. ஆனால் அரபு அறிந்த செவிக்கு அது அரபு அன்று, அரபியின் நிழல். எழுவாயும் இல்லை, பயனிலையும் இல்லை. முதற்பாட்டில் ஒரு சொல் தன் முழு எடையோடு வந்தது. இங்கே நூறு சொற்கள் எடையிழந்து மிதக்கின்றன. இதை நிந்தனை என்பாரோடு நான் உடன்படவில்லை. சிறுவயதில் கேட்ட தெருவின் ஓசையைப் பொருளறியாமல் மீட்டெடுக்கும் விளையாட்டு என்பேன். பொருளறியாத விளையாட்டு என்பதே இலக்கியக் குறைதான்.

வேற்றுமொழிப் பாட்டில் அரபுச் சொல்லை வைப்பது எப்படி என்பதற்கு நம்மிடம் மூன்று நூற்றாண்டுப் பாடம் இருக்கிறது. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் நபி, றசூல், தீன், சலாம் என்னும் சொற்களை விருத்தத்தின் சீருக்குள் அமர்த்தினார். அவை விருந்தினராக வந்து வீட்டாராயின. தமிழின் சந்தியை ஏற்றன, வேற்றுமை உருபை ஏற்றன. தொண்டிக்கருகே குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு, சித்தர் மொழியையும் ஸூஃபிகளின் கலைச்சொல்லையும் ஒரே அடியில் ஓட விட்டார். அவர்கள் சொல்லின் வேரை அறிந்து எடுத்தார்கள். மெர்குரி சொல்லின் ஓசையை மட்டும் அறிந்து எடுத்தார். ஒருமுறை அது தைத்தது, மறுமுறை தைக்கவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, திரைமெட்டில் மதச்சொற்களைப் பொருத்தி ஒலிநாடா நிரப்பிய நம்மவர் சிலரைப் பேசாமல் விடுவது நேர்மையன்று. அங்கும் சொற்கள் மிதக்கவே செய்தன.

குரலின் ஆற்றலைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வின் ஸமாஃ பகுதியில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார்கள். அழகிய குரலுடைய அடிமையொருவன் பாடிய பாட்டில் மயங்கிய ஒட்டகங்கள், பெரும்பாரத்தோடு பல நாள் தொலைவை ஓரிரவில் ஓடிக் கடந்து, சுமையை இறக்கியதும் மாண்டன. இசை ஆகுமா ஆகாதா என்பதில் அறிஞரிடையே உள்ள கருத்து வேறுபாடு நெடியது. இக்கட்டுரை ஃபத்வா அன்று. குரலுக்கு உயிரை இழுத்துச் செல்லும் வலிமை உண்டு என்பதில் அவர்களிடையே வேறுபாடில்லை. 1985 ஜூலை 13இல் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக இலண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த 'லைவ் எய்ட்' நிகழ்ச்சியின் பதிவைக் காண்பவர் இதை உணர்வர். ஏறத்தாழ எழுபத்திரண்டாயிரம் பேர். குவீனுக்குக் கிடைத்தவை இருபது நிமிடங்கள். அவர் ஓர் அசையை நீட்டுகிறார். அரங்கம் அதையே திருப்பிச் சொல்கிறது. சொல்லே இல்லை, ஓசை மட்டும். உஸ்தாது சொல்ல மாணவர் திருப்பிச் சொல்லும் நம் மக்தபின் முறையை அங்கே கண்டு சற்று அயர்ந்துபோனேன்.

அந்த வெற்றிக்கு ஒன்பது மாதம் முன்பு நடந்ததை அத்திரைப்படம் காட்டவில்லை. 1984 அக்டோபரில் குவீன் குழு தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் பாடியது. நிறவெறி அரசைக் கலைஞர்கள் புறக்கணிக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவை கேட்டிருந்த காலம். இசைக்கலைஞர் சங்கம் அபராதம் விதித்தது; ஐ.நா.வின் கரும்பட்டியலில் பெயர் ஏறியது. நாங்கள் அரசியல்வாதிகள் அல்லர், இசைக்கு வந்தவர்கள் என்பது அவர்களின் சமாதானம். செவியும் பார்வையும் இழந்த சிறுவர்களின் பள்ளிக்கு உதவியதும் உண்மைதான். ஆயினும், இனத்தின் பெயரால் நடந்த படுகொலைக்குத் தப்பி நாட்டை விட்டோடிய குடும்பத்தின் பிள்ளை, இனத்தின் பெயரால் மனிதரைப் பிரித்த நாட்டில் போய்ப் பாடினார் என்பது அவர் வாழ்வின் மீது நான் வைக்கும் கடுமையான குறை. அவருடைய அந்தரங்கத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியவர்கள் இதை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள்.

அந்தரங்கத்தைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. தற்பால் உறவு குறித்து ஷரீஅத்தின் நிலை வாசகர் அறிந்ததே. அதை இங்கே மீண்டும் எழுதுவதால் அறிவு கூடாது. இறந்தவரின் குறையைத் தோண்டக் கூடாது என்ற ஒழுக்கமும் அதே ஷரீஅத்தில் உண்டு. எய்ட்ஸ் நோயால் அவர் துன்புற்றார். நோய் முற்றிய நிலையிலும் ஒலிப்பதிவுக்கூடத்தில் நின்று பாடினார். 1991இல் வந்த 'இன்யுவெண்டோ' தட்டில் அக்குரல் தளர்ந்ததாகத் தெரியவில்லை. நோயைப் பற்றிய அறிவிப்பை 1991 நவம்பர் 23இல் வெளியிட்டார், மறுநாள் இறந்தார். வயது 45. திரைப்படமோ, லைவ் எய்டுக்கு முன்பே நோயை அறிந்து தோழர்களிடம் சொல்லிவிட்டதாகக் காட்டுகிறது. நோய் தெரிந்தது 1987இல் என்பது உடனிருந்தவரின் பதிவு. இருபது நிமிட வெற்றிக்கு மரணத்தின் நிழலைப் பின்னணியாக்கினால் கண்ணீர் கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வரலாற்றின் தேதியை மாற்றிப் பெறும் கண்ணீரை ஹதீஸ் கலை பயின்றவன் மதிக்க இயலாது. அறிவிப்பாளர் வரிசை முறிந்த செய்தி எவ்வளவு உருக்கமானதாயினும் பலவீனமானதே. ராமி மாலிக்கின் நடிப்புக்கு 2019இல் ஆஸ்கார் கிடைத்தது; அது தகும். நடிப்பு உண்மையாக இருக்கிறது, கதைதான் இல்லை.

பிறந்த ஊர் அவரை என்ன செய்தது? 2006இல் அவருடைய அறுபதாம் பிறந்தநாளைக் கடற்கரை விருந்தாகக் கொண்டாட ஸான்ஸிபாரில் ஏற்பாடாயிற்று. 'உவாம்ஷோ' என்னும் முஸ்லிம் அமைப்பு எதிர்த்தது; விழா கைவிடப்பட்டது. மார்க்கத்துக்கு ஒவ்வாத வாழ்வைத் தீவின் அடையாளமாக்கக் கூடாது என்ற அவர்களின் கவலையை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். சுற்றுலா வணிகம் ஊரின் முகத்தை விற்கும்போது ஊரார் கேள்வி கேட்க உரிமையுண்டு. ஆனால் அவர் அவ்வூரில் பிறந்தவர் என்பது அடையாள விவகாரமன்று, செய்தி. அவருடைய மக்களை விரட்டிய ஊர், அவர் நினைவையும் ஒருமுறை விரட்டியதாயிற்று. 2019இல் கல்நகரத்தில் அவர் பெயரால் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதில் பக்தியைவிட வருமானம் மிகுதியாக இருக்கலாம். எனினும் செய்தி செய்தியாகப் பதிவாயிற்று.

2023 செப்டம்பரில் அவருடைய உடைமைகளை இலண்டனின் சதபீஸ் நிறுவனம் ஏலம் விட்டது. அவற்றுள் 'போஹீமியன் ராப்ஸடி'யின் கையெழுத்துப் படிகளும் இருந்தன. பதின்மூன்று இலட்சம் பவுனுக்கு மேல் விலைபோயின. ஒரு தாளில் 'மங்கோலியன் ராப்ஸடி' என்று எழுதி, முதற்சொல்லை அடித்து 'போஹீமியன்' என்று மேலே எழுதியிருக்கிறார். சுவடி ஒப்பிட்டுப் பழகியவர்க்கு இந்த அடித்தல் பெருவிருந்து. கிழக்கிலிருந்து புறப்பட்டு ஐரோப்பாவின் நடுவில் வந்து நிற்கிறது அத்தலைப்பு.

1991 நவம்பர் 27இல் ஜரதுஷ்திர குருமார் சடங்கு நடத்த, மேற்கு இலண்டன் எரிமயானத்தில் அவர் உடல் எரியூட்டப்பட்டது. சாம்பல் எங்கே என்பது வெளியிடப்படவில்லை. சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ ஏரிக்கரையில் 1996இல் சிலை வைத்தார்கள். அது கையுயர்த்தி நிற்கும் மெர்குரியின் சிலை. 2013இன் தொடக்கத்தில், அந்த மயானத்தை ஒட்டிய கென்சல் கிரீன் இடுகாட்டில் ஒரு பீடத்தின்மேல் சிறு பலகையொன்று காணப்பட்டது. பிறந்த தேதியும் இறந்த தேதியும் பொறித்திருந்த அதில் மெர்குரி என்ற பெயர் இல்லை. ஃபர்ரூக் பல்சாரா என்றிருந்தது. செய்தி பரவிச் சில வாரங்களுக்குள் அப்பலகையை யாரோ அகற்றிவிட்டார்கள்.